டயாலிசிஸ் குழாயில் தொற்று: பெற்றோரின் கேள்விகள், மருத்துவரின் பதில்கள்

ஹீமோடயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரித்தல்) செய்துகொள்ளும் குழந்தைகளின் பெற்றோர் அனுப்பிய கடிதங்களில், கழுத்துக் குழாயில் உண்டாகும் தொற்றைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். குழந்தைகள் சிறுநீரக மருத்துவர் பதிலளிக்கிறார். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்ததால் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. வலப்பக்கக் கழுத்தில் பெர்ம்கேத் என்ற நெடுநாள் டயாலிசிஸ் குழாயை வைத்திருக்கிறார்கள். ஐந்து மாதத்தில் இரண்டு முறை குழாயில் கிருமி என்று மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. தனி அறை, தனிப் பாத்திரம் என்று கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆனாலும் உறவினர்கள் என் கவனக்குறைவுதான் காரணம் என்கிறார்கள். இந்தக் கிருமி எங்கிருந்துதான் வருகிறது? (ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்)

பதில்: உறவினர்களுக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தனி அறைக்கும் தனிப் பாத்திரத்துக்கும் இந்தத் தொற்றுக்கும் ஏறக்குறையத் தொடர்பே இல்லை. பையனை வீட்டிலுள்ள மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட விடுங்கள். டயாலிசிஸ் குழாயில் தொற்றை உண்டாக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை நம் எல்லோருடைய தோலிலும் மூக்கிலும் இயல்பாகவே குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகையைச் சேர்ந்தவை. தோலின்மேல் இருக்கும்வரை தொல்லை தராத அவை, இதயத்தின் வலது மேலறை வரை செல்லும் ஒரு குழாயின் வழியே இரத்தத்துக்குள் நுழைந்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாகின்றன.

அவை நுழைய இரண்டு வழிகள் உண்டு. தோலிலிருந்து குழாய் வெளிவரும் இடம் ஒன்று. அங்கிருந்து குழாயின் வெளிப்புறத்தை ஒட்டியே கிருமிகள் உள்ளே ஏறக்கூடும் என்பதால்தான், பெர்ம்கேத்தை நேராகச் சிரைக்குள் செருகாமல், மார்புத் தோலுக்கு அடியில் சிறிது தூரம் கொண்டுசென்று பிறகு கழுத்துச் சிரைக்குள் விடுகிறார்கள். தோலுக்கடியில் இருக்கும் பகுதியில் குழாயைச் சுற்றி டாக்ரான் இழையாலான ஒரு பட்டை உண்டு. மூன்று நான்கு வாரங்களில் அதற்குள் உடலின் திசு வளர்ந்து இறுகி அந்த வழியை அடைத்துக்கொள்கிறது. அதன்பின் பெரிதும் எஞ்சுவது இரண்டாவது வழி, அதாவது குழாயின் வாய். சிவப்பு, நீலம் என்று அதற்கு இரண்டு முனைகள். வாரம் மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 156 டயாலிசிஸ். ஒவ்வொன்றிலும் இயந்திரத்தோடு இணைக்க ஒரு முறை, பிரிக்க ஒரு முறை என்று இரண்டு முனைகளும் திறக்கப்படுகின்றன. கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு 624 தடவை அந்த வாய் வெளிக்காற்றைப் பார்க்கிறது. நெடுநாள் வைத்திருக்கும் குழாயில் வரும் தொற்றில் பெரும்பகுதி இந்தத் திறப்புகளின்போது உள்ளே போனதுதான். அந்த நேரத்தில் உங்கள் மகன் இருப்பது டயாலிசிஸ் அறையில். ஆகவே வீட்டுத் தூய்மையைவிட அந்த அறையில் இருப்பவர்களின் கைப்பழக்கமே இதை அதிகமாகத் தீர்மானிக்கிறது.

ஒரு முறை வந்தது ஏன் மறுபடியும் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கழுவாத தண்ணீர்த் தொட்டியின் சுவரில் வழுவழுப்பான படலம் ஒன்று படிந்திருக்குமே, அதைப் போன்ற ஒரு படலத்தைக் கிருமிகள் குழாயின் உட்சுவரில் தாங்களே சுரந்து, அதற்குள் ஒளிந்துகொள்கின்றன. வெளியே இரத்தத்தில் திரியும் கிருமியை எளிதில் கொல்லும் ஆன்டிபயாட்டிக், படலத்துக்குள் இருப்பதைக் கொல்லப் பல நூறு மடங்கு செறிவில் தேவைப்படும். அதனால் காய்ச்சல் தணிந்து பிள்ளை தெளிவடைந்த பிறகும் குழாய்க்குள் மிச்சம் இருந்து, மருந்து நின்றதும் மீண்டும் தலைதூக்கலாம். சிறுநீரகம் செயலிழந்த குழந்தையின் நோய் எதிர்ப்பாற்றல் ஏற்கெனவே குறைந்திருக்கும். உணவும் சரியாக இறங்காவிட்டால் இன்னும் குறையும். இரண்டு முறையும் ஒரே கிருமிதானா என்பதை பிளட் கல்ச்சர் (இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) அறிக்கைகளை ஒப்பிட்டுச் சொல்லும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஒரே கிருமி என்றால் பழைய குழாயை மாற்ற வேண்டியிருக்கலாம்.

கேள்வி: டயாலிசிஸ் நடக்கும்போது நான் பக்கத்திலேயே இருக்கிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? ஏதாவது கேட்டால் செவிலியர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று தயக்கமாகவும் இருக்கிறது. (ஒரு தந்தை, மதுரை)

பதில்: நான்கு மணி நேரமும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இணைக்கும் சில நிமிடங்களையும் பிரிக்கும் சில நிமிடங்களையும் பார்த்தால் போதும்.

குழாயைத் தொடுவதற்கு முன் செவிலியர் கைகளைச் சோப்பாலோ ஆல்கஹால் கரைசலாலோ தேய்த்து, உலர்ந்த பிறகு கையுறை அணிய வேண்டும். கையுறை போட்டிருப்பதே போதும் என்று எண்ணிக் கை கழுவாமல் விடுவதும், அதே கையுறையோடு இயந்திரத்தின் பொத்தானையும் படுக்கையின் கம்பியையும் தொட்டுவிட்டுக் குழாய்க்கு வருவதும் நான் அடிக்கடி காணும் பிழைகள். செவிலியரும் குழந்தையும் முகக்கவசம் அணிந்திருக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் நீங்களும் அணியுங்கள். முகக்கவசத்தைப் பிய்த்து எறியும் சிறு குழந்தையாக இருந்தால், முகத்தைக் குழாய்க்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்து, அங்கிருந்து யாராவது பேச்சுக்கொடுத்துக்கொண்டிருப்பது நல்லது. மேலே சுழலும் மின்விசிறியை அந்தச் சில நிமிடங்கள் நிறுத்திவைக்கச் சொல்லலாம்.

அடுத்து வருவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது, அவசரத்தில் பெரும்பாலும் குறுக்கப்படுவதும் அதுவே. குழாயின் கிளாம்ப் (குழாயை நெருக்கி அடைக்கும் கவ்வி) மூடியிருக்கிறதா என்று பார்த்து, ஒரு முனையின் மூடியைக் கழற்றியதும், அந்த முனையின் வாயையும் சுற்றியுள்ள மரைகளையும் கிருமிநாசினி நனைத்த துணியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். மேலாக ஒரு துடைப்புத் துடைத்தால் மரைகளுக்கிடையே காய்ந்திருக்கும் இரத்தத் துணுக்கு போகாது. கிருமிக்கு அதுவே நல்ல உணவு. குறைந்தது 15 விநாடி தேய்க்க வேண்டும், தேய்த்தபின் தானாகவே உலர விட வேண்டும், மற்ற முனைக்குப் புதிய துணியை எடுக்க வேண்டும். திறந்த முனையைக் கையிலிருந்து விட்டுவிட்டு வேறு எதையும் எடுக்கப் போகக் கூடாது. டயாலிசிஸ் முடிந்து பிரிக்கும்போதும் இதே வரிசைதான், மூடி மட்டும் புதிது. காலையில் இணைக்கும்போது நிதானமாகச் செய்பவர்கள்கூட, அடுத்த ஷிப்ட் குழந்தை வாசலில் காத்திருக்கும்போது பிரிப்பதில் வேகம் காட்டுவார்கள். பிரிக்கும் நேரத்தை உங்களை இரு மடங்கு கவனிக்கச் சொல்வது அதனால்தான்.

குழாய் வெளிவரும் இடத்தைச் சுத்தம் செய்ய, ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் கரைசலே பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் தேர்வு. இரண்டு மாதத்துக்குக் குறைவான குழந்தைகளிடமும் குறைமாதக் குழந்தைகளிடமும் அதை எச்சரிக்கையோடுதான் பயன்படுத்த வேண்டும். குளோர்ஹெக்சிடின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பொவிடோன் அயோடின் உண்டு. ஆனால் அது உலர ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும், உலர்வதற்குள் டிரெஸ்ஸிங் ஒட்டினால் பயன் குறைவு. கைக்குழந்தைகளின் தோல் அயோடினை உறிஞ்சித் தைராய்டைப் பாதிக்கவும் கூடும். சிலவகைக் குழாய்களின் பொருளை ஆல்கஹாலும் சில களிம்புகளும் அரித்துவிடும் என்பதால், எந்தக் குழாய்க்கு எந்த மருந்து என்பதை மருத்துவமனைதான் முடிவு செய்ய வேண்டும். கடையில் வாங்கி நீங்களாகத் தடவ வேண்டாம். கட்டுத்துணி டிரெஸ்ஸிங் என்றால் ஒவ்வொரு டயாலிசிஸின்போதும், உள்ளே தெரியும்படியான ஒட்டு டிரெஸ்ஸிங் என்றால் வாரம் ஒரு முறையும் மாற்றுவார்கள். நனைந்தாலோ ஓரம் பெயர்ந்தாலோ நாள் பார்க்காமல் உடனே மாற்ற வேண்டும். சித்திரை வெயிலில் வியர்வையால் ஒட்டு நிற்காமல் போவது நம் ஊரில் வழக்கம். அந்த மாதங்களில் ஏழு நாள் என்ற கணக்கையே மறந்துவிடுங்கள்.

இவை சின்னச் சின்ன வேலைகளாகத் தெரிவதால் யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் கை கழுவுதல், குழாய் செருகும்போது முழுமையான கவச உடை, குளோர்ஹெக்சிடின், தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை உடனே எடுத்தல் என்ற ஐந்தை மட்டும் விடாமல் கடைப்பிடித்தபோது, ஆயிரம் குழாய் நாட்களுக்கு (ஒருவர் ஒரு நாள் குழாயோடு இருந்தால் அது ஒரு குழாய் நாள்) 2.7 என்றிருந்த இடைநிலைத் தொற்று விகிதம், அதாவது பிரிவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் விகிதம், மூன்று மாதத்துக்குள் பூஜ்யமானது. அது டயாலிசிஸ் குழந்தைகளைப் பற்றியதன்று, தீவிர சிகிச்சை நோயாளிகளைப் பற்றியது; ஆனாலும் புதிய மருந்து எதுவும் இல்லாமல் கிடைத்த பலன் அது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் குழந்தைகளுக்கென்றே அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவமனைகள் 2011-இல் ஸ்கோப் என்ற கூட்டு முயற்சியைத் தொடங்கின. செவிலியர் ஒவ்வொரு படியையும் செய்கிறாரா என்று இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்த்துக் குறித்துக்கொள்வது அதன் அடிப்படை.

கேட்பதற்குத் தயங்காதீர்கள். "ஏன் தேய்க்கவில்லை?" என்பதைவிட, "சிஸ்டர், நான் முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டுமா, நீங்கள் தேய்க்கும்போது இவள் பதினைந்து வரை எண்ணட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். எண்ணத் தெரிந்த குழந்தைகள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள், எந்தச் செவிலியரும் குழந்தை எண்ணி முடிக்குமுன் கையை எடுக்க மாட்டார். பிரிவின் பொறுப்பு மருத்துவரிடம், ஆயிரம் குழாய் நாட்களுக்கு எத்தனை தொற்று என்ற கணக்கை வைத்திருக்கிறார்களா என்றும் கேட்கலாம். பத்துக் குழந்தைகள் நூறு நாள் குழாயோடு இருந்தால் ஆயிரம் குழாய் நாட்கள்; இதைக் கணக்கிட ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கணக்கு வைக்காத இடத்தில் தொற்று குறைந்ததா கூடியதா என்று யாருக்கும் தெரியாது.

கேள்வி: பேத்திக்குச் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது எங்கள் வழக்கம். குழாய் வைத்த பிறகு தலைக்கு ஊற்றவே கூடாது என்கிறார்கள். குழாய் வந்த இடத்தில் மஞ்சள் வைக்கலாமா? (ஒரு பாட்டி, கும்பகோணம்)

பதில்: மஞ்சள், சந்தனம், திருநீறு, பவுடர், எண்ணெய் எதுவும் அந்த இடத்தில் படக் கூடாது. மஞ்சளுக்கு ஆயிரம் குணம் இருக்கலாம், அம்மா. ஆனால் கடையிலிருந்து வரும் மஞ்சள்தூள் கிருமி நீக்கப்பட்டதன்று, இரத்தக் குழாய்க்குள் திறக்கும் ஒரு புண்ணின் வாயில் அதை வைக்க முடியாது.

தலைக்கு ஊற்றவே கூடாது என்பதில்லை. படுக்க வைத்து, தலையைக் கட்டிலின் விளிம்புக்கு வெளியே நீட்டச் செய்து, தண்ணீர் பின்பக்கமாக மட்டும் வடியும்படி அலசலாம். கழுத்தையும் மார்பையும் உலர்ந்த துண்டாலும் அதன்மேல் பிளாஸ்டிக் தாளாலும் மூடிக்கொள்ளுங்கள். தலைமுடிக்கு எண்ணெய் கொஞ்சமாகத் தடவலாம். வழிந்து இறங்கினால் டிரெஸ்ஸிங்கின் ஒட்டு விட்டுவிடும் என்பதால் முழு எண்ணெய்க் குளியல் வேண்டாம். உடம்பை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், இடுப்புக்குக் கீழே வழக்கம்போல் குளிப்பாட்டலாம். குளம், ஆறு, கடல், நீச்சல் குளம், வாளியில் உட்கார்ந்து விளையாடுவது ஆகிய அனைத்தும் குழாய் இருக்கும்வரை கிடையாது. தலைக்குக் குளிப்பாட்டுவதை டயாலிசிஸுக்குப் போகும் நாள் காலையில் வைத்துக்கொண்டால், டிரெஸ்ஸிங் ஈரமானாலும் சில மணி நேரத்தில் அங்கேயே மாற்றிவிடுவார்கள். பேத்தியின் நகங்களை வெட்டிவிடுங்கள். ஒட்டிய இடம் அரித்தால் பிள்ளைகள் தூக்கத்தில் சொறிந்துவிடுகிறார்கள்; அரிப்பு தொடர்ந்தால் டிரெஸ்ஸிங்கின் வகையை மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: ஞாயிறு இரவு என் மகளுக்கு 101 டிகிரி காய்ச்சல். பக்கத்துத் தெரு மருத்துவர் ஊசி போட்டு ஆன்டிபயாட்டிக் சிரப் கொடுத்தார். செவ்வாய் டயாலிசிஸுக்குப் போனபோது, மருந்து கொடுத்தது தவறு என்று கடிந்துகொண்டார்கள். காய்ச்சலோடு இரண்டு நாள் காத்திருக்க முடியுமா? (ஒரு தாய், திண்டுக்கல்)

பதில்: காத்திருந்திருக்கவும் கூடாது, அந்த மருந்தைக் கொடுத்திருக்கவும் கூடாது. அன்றிரவே டயாலிசிஸ் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போயிருக்க வேண்டும். குற்றம் உங்களுடையதன்று; குழாய் வைக்கும் நாளிலேயே இதை எழுதிக் கொடுத்திருக்க வேண்டியது மருத்துவமனை.

குழாய் உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் வந்தால், வேறு காரணம் தெளிவாகும்வரை அது குழாய்த் தொற்று என்றே கொள்ள வேண்டும். முதல் வேலை பிளட் கல்ச்சர். ஆன்டிபயாட்டிக் ஒரே ஒரு வேளை உள்ளே போய்விட்டாலும் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். பிறகு எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து, குழாயை எடுப்பதா வைப்பதா என்பதையெல்லாம் ஊகத்தில்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். உங்களைக் கடிந்துகொண்டவர் மனதில் இருந்தது இதுவாகத்தான் இருக்கும். கல்ச்சருக்கு இரத்தம் எடுத்தவுடன், அறிக்கைக்காகக் காத்திராமல் சிரை வழியே மருந்தைத் தொடங்கிவிடுவோம்.

காய்ச்சல் எப்போதும் வீட்டில்தான் வரும் என்பதில்லை. டயாலிசிஸ் தொடங்கி அரைமணி, ஒரு மணி நேரத்துக்குள் குழந்தை பல் கிட்டி நடுங்குவது இந்தத் தொற்றின் மிகப் பழக்கமான அடையாளம். குழாய்க்குள் இருந்த கிருமி இரத்த ஓட்டத்தோடு உடலுக்குள் தள்ளப்படுவதால் அப்படி ஆகிறது. அதே ஷிப்டில் வேறு குழந்தைகளுக்கும் நடுக்கம் வந்தால், தண்ணீர்ச் சுத்திகரிப்பையோ, மறுபடி பயன்படுத்தும் டயாலைசர் என்ற இரத்த வடிகட்டியைக் கழுவிய முறையையோ சந்தேகிக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்குக் காய்ச்சல் இல்லாமலேயே உடல் சில்லிட்டு, பால் குடிக்காமல் துவண்டுபோகலாம். குழாய் வெளிவரும் இடத்தில் சிவப்பு, சீழ், தொட்டால் வலி, குழாய் போகும் பாதை நெடுகிலும் வீக்கம் ஆகியவையும் அன்றே காட்ட வேண்டியவை.

ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியோ காளானோ வளர்ந்தால், அல்லது தோலுக்கடியில் குழாய் போகும் பாதையே பழுத்துவிட்டால், குழாயை எடுத்துவிடுவதே பெரும்பாலும் பாதுகாப்பு. மற்றவற்றில் மருந்தோடு குழாயைக் காப்பாற்றப் பார்ப்பதும், பழைய குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டு அதன் வழியாகப் புதுக் குழாய்க்கு மாற்றுவதும் உண்டு. சாதாரணமாக இரண்டு மூன்று வாரம் மருந்து தேவைப்படும். கிருமி இதய வால்விலோ எலும்பிலோ போய் உட்கார்ந்துவிட்டால் நான்கு முதல் ஆறு வாரம், சில வேளை அதற்கும் மேல். இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது என்று மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

கேள்வி: குழாய்க்குள் ஆன்டிபயாட்டிக் நிரப்பி வைத்தால் கிருமியே வராது என்று கேள்விப்பட்டேன். என் மகனுக்கும் அதைச் செய்யச் சொல்லலாமா? (ஒரு தந்தை, திருப்பூர்)

பதில்: இரண்டு டயாலிசிஸ்களுக்கு இடையில் குழாய்க்குள் இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் நிரப்பி மூடுவது வழக்கம். ஹெப்பாரின் கிருமியைத் தடுக்காது. அதோடு ஆன்டிபயாட்டிக் சேர்ப்பது, சிட்ரேட்டையோ டாரோலிடின் என்ற கிருமிக்கொல்லியையோ பயன்படுத்துவது போன்ற முறைகள் தொற்றைக் குறைக்கின்றன என்பதற்குச் சான்று உண்டு. டாரோலிடினும் ஹெப்பாரினும் சேர்ந்த மருந்து ஒன்றுக்கு அமெரிக்காவில் 2023 நவம்பரில் அனுமதி கிடைத்தது. ஆனால் அந்த அனுமதி பெரியவர்களுக்கு மட்டுமே. செவியைப் பாதிக்கக்கூடிய ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளை நிரப்பினால் ஒவ்வொரு முறையும் சிறிதளவு இரத்தத்தில் கசியும். பேச்சு வளரும் வயதுக் குழந்தையின் செவிப்புலனைப் பணயம் வைக்கும் விஷயம் அது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகும் அச்சமும் இருக்கிறது. ஆகையால் எல்லாக் குழந்தைகளுக்கும் வேண்டாம், திரும்பத் திரும்பத் தொற்று வந்து, வேறு சிரையும் கிடைக்காத குழந்தைக்கு யோசிக்கலாம் என்பது என் கருத்து. 15 விநாடித் தேய்ப்பு சரியாக நடக்காத பிரிவில் இந்த மருந்துக்குச் செலவு செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: பதினோரு வயது மகளுக்குக் கையில் ஃபிஸ்டுலா செய்யலாம் என்கிறார் மருத்துவர். ஊசி வலியை நினைத்து அவள் அழுகிறாள். கழுத்துக் குழாயில் வலியே இல்லையே, அதையே தொடரக் கூடாதா? (ஒரு தாய், நாகர்கோவில்)

பதில்: தொற்றைத் தடுக்கும் வழிகளில் மிகச் சிறந்தது குழாயே இல்லாமல் இருப்பதுதான். கையின் தமனியையும் சிரையையும் இணைத்து, சிரையைத் தடிக்கச் செய்து அதில் ஊசி போடும் ஃபிஸ்டுலா முறையை நியூயார்க்கைச் சேர்ந்த பிரெஷியா, சிமினோ, அப்பெல், ஹர்விச் ஆகியோர் 1966-இல் வெளியிட்டார்கள். அதன்பின் எத்தனையோ கருவிகள் வந்தும், இரத்தத் தொற்று குறைவு என்ற வகையில் அதற்கு இணையாக இன்னும் எதுவும் வரவில்லை. அதில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அயல்பொருள் எதுவுமில்லை. நீச்சலுக்கும் குளிக்கவும் தடையில்லை.

உங்கள் மகள் பல பத்தாண்டுகள் வாழப் போகிறவள். மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தாலும் அது ஆயுள் முழுவதும் உழைக்கும் என்று சொல்ல முடியாது. மீண்டும் டயாலிசிஸ் தேவைப்படும் நாள் வரலாம். ஒவ்வொரு குழாயும் தான் இருந்த சிரையில் தழும்பையும் குறுகலையும் விட்டுச் செல்கிறது, குறிப்பாகக் காறை எலும்புக்குக் கீழுள்ள சிரையில். இப்போது வலியில்லை என்பதற்காகக் குழாய்களிலேயே சிரைகளைச் செலவழித்துவிட்டால் முப்பது வயதில் அவளுக்கு வழியிருக்காது. ஆகவே ஃபிஸ்டுலா செய்யப் போகும் கையில் இன்றிலிருந்தே யாரையும் இரத்தம் எடுக்கவோ டிரிப் ஏற்றவோ விடாதீர்கள். அவசியமானால் புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள். மருத்துவர்கள்கூட இதை மறப்பார்கள்.

வலிக்கு வழி உண்டு. மரத்துப்போகச் செய்யும் களிம்பை ஒரு மணி நேரம் முன்பே தடவினால் குத்துவது பெரிதாகத் தெரியாது. ஃபிஸ்டுலா முதிர ஒன்றரை முதல் மூன்று மாதம் ஆகலாம், அதுவரை குழாய் இருக்கும். முதிர்ந்து ஊசி நன்றாக ஓடத் தொடங்கியதும் குழாயை எடுக்கும் தேதியை நீங்களே கேட்டு வாங்குங்கள். "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று விட்டுவைத்த குழாயில் தொற்று வந்த குழந்தைகள் உண்டு. பத்துக் கிலோவுக்குக் குறைவான குழந்தைகளில் இரத்தக் குழாய்கள் மிகச் சிறியவை என்பதால் ஃபிஸ்டுலா கடினம். அவர்களுக்கு வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்யும் பெரிட்டோனியல் டயாலிசிஸ் பொருந்துமா என்று முதலில் பார்ப்போம். சில மாதங்களில் உறவினர் ஒருவரிடமிருந்து மாற்றுச் சிறுநீரகம் உறுதி என்றால், அதுவரை குழாயோடு இருப்பது நியாயமான முடிவே.

கேள்வி: பெர்ம்கேத்தோடு பள்ளிக்கு அனுப்பலாமா? (ஒரு தந்தை, சேலம்)

பதில்: அனுப்பலாம், அனுப்ப வேண்டும். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையும், குழாயின் முனைகள் ஆடாமல் உள்ளே ஒட்டிவைக்கும் பையும் போதும். இடித்துத் தள்ளும் விளையாட்டுகளும் நீச்சலும் மட்டும் வேண்டாம். வகுப்பாசிரியருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: குழாயின் பக்கம் கத்தரிக்கோல் வரக் கூடாது, மூடி கழன்றால் அல்லது குழாய் வெடித்தால் உடலுக்கு அருகிலுள்ள கிளாம்பை மூட வேண்டும், கிளாம்ப் இல்லாவிட்டால் குழாயை மடித்துப் பிடிக்க வேண்டும், குழாய் முழுவதுமாக வெளியே வந்துவிட்டால் குழந்தையைப் படுக்க வைத்து, அது வெளிவந்த இடத்தையும் கழுத்தில் அதற்கு மேலுள்ள தழும்பையும் சுத்தமான துணியால் அழுத்தியபடி 108-ஐ அழைக்க வேண்டும். உங்கள் தொலைபேசி எண்ணையும் டயாலிசிஸ் பிரிவின் எண்ணையும் அதே தாளின் மேற்பகுதியில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.